எடை கூடிய எஃகு

1
இந்தக் கதை என் மனைவியைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளப் பிறந்தது. வேறு உயர்ந்த நோக்கம் ஒன்றும் கிடையாது. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'கொதிக்கும் அமிலத்தில் ஓர் எஃகுத் துண்டு தன் தலைவிதியை நினைத்து...' எஃகு நினைக்காது என்று அந்த வரியை அவளே அடித்துவிட்டாள்.

2
சரி, நடந்ததைச் சொல்கிறேன். எரிந்து தீர்ந்த அணு எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள். அந்தக் கதிரியக்கக் கரைசல் துருப்பிடிக்காத எஃகையும் விட்டுவைக்காது, அரிக்கும். அதைத் தாங்கும் தொட்டிக்கு எஃகைத் தேர்ந்தெடுத்தவள் அவள். அதே எஃகில் ஒரு துண்டை அதே கரைசலில் வாரக்கணக்கில் கொதிக்கவிட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அளவு மீறிக் குறைந்தால், கட்டிமுடித்த தொட்டியை வெட்டிப் போடவேண்டியதுதான். அவள் பெயரும் அதோடு போகும்.

தடித்த கண்ணாடிக்கு அப்பால் துண்டை எடுப்பது, கழுவுவது, எடை போடுவது எல்லாம் நான் இயக்கும் இயந்திரக் கைகள். (அவற்றால் ஒருமுறை கொசுவுக்குச் சுளுக்கு எடுத்திருக்கிறேன். [பொய். – மனைவி])

3
துண்டு வெளியே வந்தது. எடை கூடியிருந்தது.

"அரிப்பே இல்ல! எழுதிடலாம், சீக்கிரம்!" என்றார் மேலதிகாரி. அவருக்கு 'சீக்கிரம் சார்' என்றே பெயர்.

"அமிலத்துல கெடந்து சதை போட இது என்ன சார், புது மாப்பிள்ளையா?" என்றாள் இவள்.

"கூடினா நல்லதுதானேம்மா?"

"என் எஃகு குறையும் சார். எவ்வளவுங்கறதுதான் கேள்வி. மேல ஏதோ உப்பு படிஞ்சிருக்கு. என்னங்க, அதைக் கரைச்சு எடுத்துட்டு மறுபடி எடை போடுங்க."

"ஜெயிச்சாச்சு, விட்டுடேன்," என்று கிசுகிசுத்தேன்.

"ஜெயிச்சது உப்பு. எஃகு இல்ல."

கரைத்தேன். தராசில் வைத்தேன்.  எண்ணைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன்.

4
முடிவு ஒன்று: எடை சரிந்தது, தொட்டியை வெட்ட ஆள் வந்தார்கள், இவள்... (எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: எடை இம்மிதான் குறைந்திருந்தது. சீக்கிரம் சார் மகிழ்ச்சியில் கூரைவரை எகிறி [அடிக்கவும். – மனைவி]

"எவ்வளவு குறைஞ்சதுன்னு அந்த எண்ணைப் போட்டு முடிங்களேன்," என்றாள் இவள்.

"போட்டா எவனும் நம்ப மாட்டான். எழுதினது நானாச்சே."

ஆகவே எண் கிடையாது. அந்தத் தொட்டியில் கரைசல் கொதிக்கத் தொடங்கியபின் என் தலைமுடி கறுப்பு, நரை, வெள்ளை என்று மூன்று நிறம் மாறிவிட்டது. கசிந்திருந்தால் ஊரே பேசியிருக்கும். சொல்லுங்கள், இந்தத் தொட்டியைப் பற்றி இதற்குமுன் நீங்கள் ஒரு வார்த்தையாவது கேள்விப்பட்டதுண்டா?