அனுமதி கிடைத்த யூக்காலி மரம்

செண்பகனூரில் முருகேஸ்வரியின் தகரக் கூரைக்கு மேலே, தைலம் எடுக்கும் யூக்காலி மரம் ஒன்று சாய்ந்து நின்றது. அதை வெட்ட அனுமதி வாங்க எட்டு மாதம் ஆயிற்று. மலையில் சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்தையும் தாள் இல்லாமல் தொட முடியாது. வனக்காவலர் வந்து சுற்றளவு அளந்து, பெயின்ட்டில் எண் எழுதிப் போனார். தாள் போன வாரம்தான் கைக்கு வந்தது. அதில் போட்டிருந்த கடைசி நாள் வெள்ளிக்கிழமை. தவறினால் மறுபடி முதலிலிருந்து மனு எழுத வேண்டும். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும்.

வியாழக்கிழமை காலை மரம் வெட்டக் கந்தவேல் கயிறும் ரம்பமுமாக வந்தார். பெரும்பாறை காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழித்துப் பழகியவர். அடிமரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் போனவர், சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

"தாயி, இது சாமி மரம்ல. குங்குமம் வச்சு மஞ்சத்துணி கட்டிக் கெடக்கு. நான் ஏற மாட்டேன்."

முருகேஸ்வரிக்கு வெட்கமாகப் போயிற்று.

"சாமியெல்லாம் இல்லண்ணே. பயத்துல நான்தான் கட்டுனேன்."

மூன்று வருடத்துக்கு முன் அடித்த புயலில் பக்கத்து மரங்கள் சாய்ந்தன. மறுநாள் கட்டிய துணி அது. செவ்வாய்தோறும் குங்குமமும் வைத்துவந்தாள்.

அவள் கணவன் ஜெயமுருகன் வாசலில் பல் விளக்கிக்கொண்டே சிரித்தான். "மரத்தச் சாமியாக்குனவ நீ. பூசாரியும் நீதான். போயி உத்தரவு வாங்கு!"

கந்தவேல் சிரிக்கவில்லை. "தம்பி சொல்றது சரிதான். வேண்டிக்கிட்டது நீங்க. நீங்க அவுத்தாத்தான் ஏறுவேன். வெரசாப் பண்ணுங்க தாயி, மேகம் ஏறுது."

முருகேஸ்வரி ஒரு செம்பு தண்ணீரை அடிமரத்தில் ஊற்றினாள். இத்தனை நாளும் அந்த மரத்திடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தாள்: விழாதே. நன்றி சொன்னதே இல்லை.

"நல்லா நின்னுட்ட. போதும்," என்று யாருக்கும் கேட்காமல் சொன்னாள். மழையில் இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

கந்தவேல் ஏறினார். ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டி இறக்கினார். ஜெயமுருகன் கீழே கயிறு பிடித்தான். தகரத்தில் ஒரு கீறல் விழவில்லை. சாயங்காலம் அடிமரத்தை அறுத்து முடித்ததும் மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

உள்ளே பொந்து. சுற்றிலும் நாலு விரல் கனத்துக்குத்தான் கட்டை மிச்சம். மற்றதெல்லாம் கரையான் தின்ற தூள். கந்தவேல் கம்பை விட்டுப் பார்த்தார். கம்பு அடியைத் தொடவில்லை.

"தட்டிப் பாத்துட்டுத்தான ஏறுனேன்... தெரிஞ்சிருந்தா ஏறியிருக்க மாட்டேன்," என்றார். "இத வச்சுக்கிட்டா இத்தன மழைக்கு நின்னுச்சு?"

முருகேஸ்வரி அடிக்கட்டையருகே உட்கார்ந்தாள். ஈரமாக இருந்த விளிம்பில் கை வைத்தாள். தைல வாசம் அடித்தது.

"வாங்கண்ணே, சோறு ஆறுது," என்று ஜெயமுருகன் கந்தவேலைக் கூப்பிட்டான். "நீயும் வா, முருகேஸ்வரி."

"நீங்க போயி உக்காருங்க," என்றாள் அவள், அடிக்கட்டையருகே உட்கார்ந்தபடியே. "நான் செத்த நேரம் இருந்துட்டு வாரேன்."