முட்டுக்குக் கட்டிய வாழை

எங்கள் இலாகாவில் ஆர்க்கிடெக்ட் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் சாந்தகுமாரி மேடம்தான். இதைச் சொன்னால் 'சரி, அதுக்கென்ன இப்போ' என்பார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த ஆபீஸில் பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் கிடையாது. அவர் அங்கே போட்ட முதல் ப்ளானே அதற்குத்தான். அதைக் கட்டி முடிப்பதற்குள் அவருக்குப் பதவி உயர்வே வந்துவிட்டது. அதுவரைக்கும் எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தியின் தயவில்தான் காலம் ஓடியது.

நான் விஜி. அவருக்குக் கீழே வரைபடம் போடுகிறவள். மேடம் பெங்களூரில் கட்டாத பொதுக் கட்டடம் இல்லை என்று நான் சொன்னால் அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பஸ் ஸ்டாப், அங்கன்வாடி, சந்தைக் கழிப்பறை என்று ஏழைபாழைகள் கால் வைக்கிற இடமெல்லாம் அவர் கை பட்டது. எதிலும் அவர் பெயர் இல்லை. திறப்பு விழாக் கல்லில் மந்திரி பெயர், எம்.எல்.ஏ. பெயர், இன்ஜினியர் பெயர், கான்ட்ராக்டர் பெயர்கூட இருக்கும். பிள்ளை பெற்றவளை மூலையில் தள்ளிவிட்டுப் பெயர் வைத்தவனுக்கு மாலை போடுகிற உலகம் இது.

ரிட்டயர் ஆவதற்கு முன் அவர் போட்ட கடைசிப் படம் அடுகோடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. மற்ற ஆஸ்பத்திரிகளில் பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு அம்மாவும் மாமியாரும் ஃப்ளாஸ்க்கோடு ரோட்டோரம் வெயிலில் காய்வதைப் பார்த்தவர் அவர். அதனால் வாசலில் ஒரு பெரிய போர்ட்டிகோ வரைந்தார். நடுவில் தூணே கிடையாது. ஆட்டோ வாசல்வரைக்கும் வந்து திரும்பலாம், ஒரு கல்யாணக் கூட்டமே மழையில் நனையாமல் நிற்கலாம். அந்தப் போர்ட்டிகோவுக்காக அவர் போட்ட சண்டையில் பாதியைப் போட்டிருந்தால் நானெல்லாம் வேலையை விட்டே ஓடியிருப்பேன்.

மந்திரிக்கு வசதிப்பட்ட முகூர்த்தம் முன்னால் வந்துவிட்டது. அவசர அவசரமாக, கொட்டுகிற மழையில் போர்ட்டிகோவுக்குக் கான்கிரீட் போட்டார்கள். அது இறுகும்வரை கீழே பலகை அடித்து, சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். விழாவுக்கு முதல் நாள், அவற்றையெல்லாம் எடுக்கப் போவதாக எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர் கோவிந்தராஜன் சொன்னார்.

"மேடம், மந்திரி வர்றாரு, டிவிக்காரன் வர்றான். வாசல்ல இத்தனை கம்பு நட்டிருந்தா பில்டிங் கோலூன்றி நிக்குதுன்னு எழுத மாட்டானா?"

"எடுத்தா ஸ்லாப் உக்காந்துடும் சார். பச்சைக் கான்கிரீட். கீழ ஜனங்க நிப்பாங்க."

"நீங்க படம் போடறவங்க. கட்டறது நாங்க. எங்களுக்குத் தெரியாதா?"

மேடம் பெரிய அதிகாரியைப் பார்க்கப் போனார். அவர் மீட்டிங்கில் இருந்தார். பிறகு மேடம் செயலாளரின் அறை வாசலில் போய் நின்றார். 'அட்ஜஸ்ட் மாடி மேடம்', கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று கன்னடத்தில் புன்னகையோடு பதில் வந்தது. இந்த ஊரில் எந்த அநியாயத்துக்கும் இந்த ஒரு வார்த்தை போதும். திரும்பி வந்து அந்தப் போர்ட்டிகோவுக்கு அடியில் நின்று மேலே பார்த்தார்.

"எனக்குப் பயமா இருக்குடி விஜி," என்றார். அத்தனை வருஷத்தில் என்னை அவர் 'டி' போட்டதில்லை.

அப்போதுதான் கேட்டில் லாரி வந்து நின்றது. விழாவுக்குக் கட்டுவதற்குத் தாரும் குலையுமாக வாழை மரங்கள். அத்திபெலேப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவை. மேடம் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராகக் கோவிந்தராஜனிடம் போனார்.

"கம்பு தெரியக் கூடாது, அவ்ளோதானே சார்? ஒவ்வொரு கம்புக்கும் ஒரு வாழையைக் கட்டிடுங்க. வாசல் முழுக்க வாழைத் தோரணம் மாதிரி இருக்கும். கம்பு அப்படியே நிக்கட்டும்."

கோவிந்தராஜன் சிரித்தார். "பரவால்லியே, அலங்காரம்னா பொம்பளைங்களுக்குத்தான் வருது." நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மேடத்துக்கு அது காதிலேயே விழவில்லை. விழா முடிந்ததும் யாரும் கம்பைத் தொடக் கூடாது, காவலுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று கெஞ்சினார். "ஆகட்டும் மேடம், ஆகட்டும்."

மறுநாள் மந்திரி வந்தார். வாசலைப் பார்த்துவிட்டு 'வாழைத் தோப்பு மாதிரி இருக்கே' என்று சந்தோஷப்பட்டார். ரிப்பன் வெட்டினார், பேசினார், போனார். காவலுக்குப் போட்ட ஆள் மந்திரி காருக்கு வழிவிடப் போனவன், அப்படியே சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கும் வரிசையில் நின்றுவிட்டான். நாங்கள் உள்ளே டாக்டரம்மாவுக்குப் பிரசவ அறையைக் காட்டிக்கொண்டிருந்தோம். மேடத்தின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்திருந்தது. அப்போது வாசலில் ஹோவென்று சத்தம் கேட்டது.

விழா முடிந்தால் வாழை மரம் ஊருக்குச் சொந்தம். தாரை வெட்டிக்கொண்டு போவார்கள், இலையைக் கிழித்துக்கொண்டு போவார்கள், கட்டினவனே வந்து தடுத்தாலும் சண்டைக்கு நிற்பார்கள். எந்த ஊர் விழாவிலும் இதுதான் வழக்கம். கல்யாண வாசலில் நாங்களே சிறு பிள்ளையில் செய்ததுதான். பயத்தில் மேடத்துக்கு அது மறந்துபோயிருந்தது.

ஓடி வந்து பார்த்தால் போர்ட்டிகோவுக்கு அடியில் அடுகோடியே நின்றுகொண்டிருந்தது. வாழையைப் பிடித்து இழுத்தால், கட்டியிருந்த சவுக்குக் கம்பும் கூடவே வந்தது. அடியில் ஆப்பு வைத்து நிறுத்தின கம்புகள். ஓர் உதை விட்டால் நழுவிவிடும். பாதிக்கு மேல் கீழே கிடந்தன. நடுவில் துப்புரவு வேலை செய்கிற முத்தம்மா ஒரு பெரிய தாரின் காம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிறைமாதமாக அவள் மகள் ஸ்னேஹா நின்றாள்.

"வெளிய வாங்க! விழப்போகுது! ஹொரகடெ பன்னி!" என்று மேடம் தமிழிலும் கன்னடத்திலும் கத்தினார்.

யார் கேட்டார்கள்? "நம்மள விரட்டிட்டு இவங்களே எடுத்துக்கப் பாக்குறாங்க" என்றான் ஒருத்தன். "மேடத்துக்கும் ஒரு தாரு குடுங்கப்பா, பாவம்" என்றான் இன்னொருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். பலபேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே பலகைக்குள்ளிருந்து மடமடவென்று ஒரு சத்தம் வந்தது.

மேடம் கும்பலுக்குள் பாய்ந்தார். ஸ்னேஹாவின் தோளைப் பிடித்து என் பக்கம் தள்ளினார்; நான் அவளை ஆஸ்பத்திரிக்குள் இழுத்துக்கொண்டேன். அதற்குள் முறிந்து முத்தம்மா கைக்கு வந்திருந்த தாரை, அந்த ஊரிலேயே பெரிய தாரை, வெடுக்கென்று பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓடினார். அறுபதை நெருங்குகிற பெண்பிள்ளை, பட்டுப் புடவை தடுக்கத் தடுக்க ஓடினார்.

"ஏய்! புடிங்கடா! தாரத் தூக்கிட்டு ஓடறாங்க!" என்று முத்தம்மா அலறினாள். மொத்தக் கூட்டமும் துரத்திக்கொண்டு ஓடியது. வேடிக்கை பார்க்க நின்றவர்களும் பின்னால் ஓடினார்கள்.

கேட்டருகே மேடம் கல் தடுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அந்த நேரத்தில் பின்னால் போர்ட்டிகோ மொத்தமாக உட்கார்ந்தது. புழுதி அடங்கிப் பார்த்தபோது அடியில் ஓர் ஆள் இல்லை, ஒரு குழந்தை இல்லை.

அந்த வீடியோவை ஊரே பார்த்தது. கவர்ன்மென்ட் அம்மாள் ஒருத்தி ஏழைகளிடமிருந்து வாழைத்தாரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள், ஜனங்கள் துரத்துகிறார்கள், அவள் குப்புற விழுகிறாள். சிரிப்புச் சத்தத்தோடு முடிந்துவிடும். ஸ்லாப் விழுவதற்கு முன்னாலேயே படம் எடுத்தவன் நிறுத்தியிருந்தான். பேப்பர்களில் இரண்டும் தனித்தனிச் செய்தியாக வந்தன. ஒன்றில் வாழைத்தார், இன்னொன்றில் 'டிசைன் கோளாறு'. டிசைன் செய்தவர் என்று மேடத்தின் பெயர் முழுசாக, இனிஷியலோடு அச்சாகியிருந்தது. ஒரு கட்டடத்தோடு சேர்த்து அவர் பெயரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெட்கம்கெட்டவர்கள்.

விசாரணையில் நான் தொண்டை கிழியச் சொன்னேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான். கம்பில் வாழை கட்டச் சொன்னது யார்? "நான்தான்" என்றார் மேடம். மழையில் கான்கிரீட் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. சஸ்பென்ஷன் ஆர்டர் மேடத்தின் விவேக் நகர் வீட்டுக்கே வந்தது.

அந்த வீட்டில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பேச்சு நின்றுபோயிருந்தது. சாப்பாடும் இறங்கவில்லை. ஒருநாள் நான் அங்கே இருந்தபோது முத்தம்மா படியேறி வந்தாள்.

"மேடம்மா, ஸ்னேஹாவுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

மேடம் முகம் மலர்ந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கும் உயிர் வந்தது. சொல்லப்போகிறாள், நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்று ஒரு ஜீவனாவது இவரிடம் சொல்லப்போகிறது என்று நினைத்தேன்.

"அந்த முனீஸ்வரன்தாம்மா காப்பாத்துனான். உங்களத் தொரத்திக்கிட்டு ஓடாம இருந்தா நாங்கெல்லாம் அன்னிக்கே போயிருப்போம்." அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழத்தை எடுத்து மேடத்தின் மடியில் வைத்தாள். "அன்னிக்கு அந்தத் தாரு மேல எவ்ளோ ஆசையா ஓடினீங்க. அதுவும் நசுங்கிப் போச்சு, காலும் போச்சு. அப்புறம் எனக்கு மனசே கேக்கல. நானும் கத்தியிருக்கக் கூடாது. இந்தாங்க, சாப்பிடுங்க."

நான் கோபத்தில் எழுந்தேன். மேடம் என் கையைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். ஒரு பழத்தைப் பிய்த்தார், உரித்தார், தின்றார்.

"இனிப்பா இருக்கு முத்தம்மா," என்றார். வாயில் பழம் இருக்கும்போதே கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. நிற்கவேயில்லை.

முத்தம்மா பதறிப்போய் மேடத்தின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அழாதீங்கம்மா. நாளைக்கு இன்னும் ஒரு சீப்பு கொண்டாந்து தர்றேன்."