வராதவர் தட்டு

வாசலில் விசில் கேட்டபோது ஞானகுமாரி கணவரின் தாடைக்கட்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு குட்டை விசில், ஒரு நீள விசில். பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கேட்கிற அதே விசில். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி மந்திரத்தில் நின்றுபோனார்கள். கொல்லையில் கட்டியிருந்த நாய் கர்னல் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது.

கிறிஸ்துதாஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஐஸ் பாளங்களை மறைத்து விரித்த வெள்ளைத் துணியின் மேல், மூக்கில் பஞ்சோடு, மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர். மூன்று மணிக்குக் காபியோடு போய் எழுப்பினால் ஆள் இல்லை. பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனாரே என்ற கோபம் அவளுக்கு அழுகையைவிடப் பெரிதாக இருந்தது.

விசிலடித்தவர் கலியமூர்த்தி. ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிஃப்ட், பக்கத்து பிளாக் குவார்ட்டர்ஸ். நேற்று ஐஸ் வண்டியைக் கூட்டிவந்து, பாளங்களைத் தூக்கிவைத்து, நனைந்த சட்டையோடு வீட்டுக்குப் போனவரே அவர்தான். எழுந்ததும் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. நாயைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்து விரலை வாயில் வைத்துவிட்டார். அடித்த பிறகுதான் வாசலில் எரிந்த ட்யூப் லைட்டும் வாடகை நாற்காலிகளும் கண்ணில் பட்டன. அவருக்குப் பின்னால் ஞாயிறு நடைக்குக் கூட வருகிற நாகேந்திரனும் தங்கவேலும், ஆளுக்கொரு நாயோடு. முன்னால் அவர் போகிறாரே என்று இவர்களும் பின்னாலேயே வந்திருக்கிறார்கள்.

எட்மண்ட் வெளியே போனான். கிறிஸ்துதாஸின் தம்பி. பூந்தமல்லியில் வீடு, மாதாகோயில் பங்குப் பேரவையில் செயலாளர். சாவுக்கு வந்த இடத்திலும் அவனுடைய கறுப்பு ஷூவில் ஒரு பொட்டு தூசி கிடையாது.

"ஏன் சார், சாவு வீட்டு வாசல்ல நின்னு விசிலடிக்கிறீங்களே, வயசென்ன உங்களுக்கு?"

"தப்புதான் தம்பி. மறந்துட்டேன்."

"மறக்கிற விஷயமா இது? மொதல்ல நாய்ங்களைக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க. ஏழரை மணிக்கு சாமியார் வர்றாரு. அண்ணனைக் காலைப் பூசைக்கு வரவிடாம ஏரிக்கரையில சுத்த வச்சதே நீங்கதான்."

ஞானகுமாரிக்குச் சுருக்கென்றது. சாயங்காலப் பூசையில் கடைசி பெஞ்சில் வாரம் தவறாமல் உட்கார்ந்திருந்த மனிதரை இந்தப் பங்கில் ஒருத்தர் கண்ணுக்கும் தெரிந்ததில்லை. 'நாயோடு ஞாயிறு கொண்டாடுகிறவன்' என்று பேர் வைத்தது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவளும் சேர்ந்துதான் சிரித்திருக்கிறாள்.

வாராவாரம் கூப்பிட்டார். "வாயேன், வெள்ளானூர் ஏரிவரைக்கும்தான். திரும்பும்போது நாகம்மா கடையில சூடா இட்லி." அவளுக்கு ஆறு மணிப் பூசை, வந்தால் மீன் ஆய வேண்டும், துணி ஊறிக் கிடக்கும். ஒரு தடவை ஆவடி மார்க்கெட்டில் அவள் கால் அளவுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கிவந்தார். சேலைக்குக் கீழே இதைப் போட்டுக்கொண்டு நான் என்ன பள்ளிக்கூடமா போகிறேன் என்று பெட்டியோடு பீரோ மேல் தூக்கிவைத்தாள். அது ஆகிவிட்டது ஐந்து வருடம்.

நேற்று சாப்பிடும்போதும் கேட்டார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நாளைக்காவது வர்றியா?" என்றார். என்ன தோன்றியதோ, "வர்றேன், வர்றேன், சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போது அவள் நெஞ்சில் கிடந்து குத்தியது.

வெளியூரிலிருந்து மகள் வந்ததும் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் இனியும் வரும். இந்த ஆள் வீட்டில் இருக்கிற ஞாயிறு இது ஒன்றுதான்.

தாடைக்கட்டின் முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு பீரோ மேலிருந்து பெட்டியை எடுத்தாள். ஷூவுக்குள் திணித்திருந்த காகிதத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மாட்டினாள். லேஸ் கட்டத் தெரியவில்லை. பாவாடை நாடாவுக்குப் போடுகிற முடிச்சையே போட்டாள்.

கொல்லைக்குப் போய்க் கர்னலை அவிழ்த்துக்கொண்டு கூடத்தின் வழியாகவே வந்தாள். கர்னல் நாட்டு நாய். ராணுவத் தொழிற்சாலையில் ஆபீசர்களுக்கு சல்யூட் வைத்துச் சலித்துப்போன கிறிஸ்துதாஸ், 'கர்னல், உட்காரு' என்று அதட்டிப் பார்ப்பதற்காகவே வைத்த பேர். அது ஐஸ் பாளத்தை ஒரு தடவை முகர்ந்துவிட்டு வாசலுக்கு இழுத்தது.

எட்மண்ட் வழியை மறித்தான். "அண்ணி, எங்க?"

"நடக்க."

"என்ன பேசுறீங்க? பொணத்தைப் போட்டுட்டு வீட்டுப் பொம்பளை வெளிய போவாங்களா? சாமியார் ஜெபம் பண்ண வரும்போது நீங்க எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஜெபம் அவருக்குத்தானே? அவரு இங்கதானே இருக்காரு. நான் நடக்கப் போயிருக்கேன்னு சொல்லு."

"ஊரு சிரிக்கும் அண்ணி."

"பத்தொன்பது வருஷமா சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கு. இன்னைக்கும் சிரிக்கட்டும். வழிய விடு எட்மண்ட்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கூடத்தில் யாரோ ஒருத்தி, "பித்துப் பிடிச்சிடுச்சு போல" என்றாள். ஞானகுமாரி திரும்பிப் பார்த்து, "ஜெபத்தை நிறுத்தாதீங்கம்மா, சொல்லுங்க" என்றாள். கேட்டுக்கு வெளியே நின்ற மூன்று பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேட்டாள்.

கலியமூர்த்தி முன்னால் நடந்தார்.

குவார்ட்டர்ஸ் பின்சுவரில் செங்கல் விழுந்த சந்து வழியாக வெளியே வந்தார்கள். அதற்கப்புறம் வயல்தான். முந்தாநாள் வரை வயல், இப்போது பாதிக்கு மேல் வெள்ளையடித்த மனைக்கற்கள். தை மாதப் பனி புல்லில் உட்கார்ந்திருந்தது. ஷூ ஐந்து நிமிடத்தில் நனைந்து, குதிகாலைக் கடித்தது. நாய்கள் நான்கும் மனைக்கற்களை ஒன்றுவிடாமல் முகர்ந்து காலைத் தூக்கிக்கொண்டே போயின. தங்கவேல்தான் பேசிக்கொண்டு வந்தான். நால்வரில் சின்னவன், ஆட்டோ ஓட்டுகிறவன்.

"இதான்கா பெரிய ரோடு வரப்போவுதுன்றாங்க. அண்ணாத்தே இங்க நின்னுகினு, என் பேருக்கு ஒரு கல்லு நடுங்கடான்னுவாரு. சிரிச்சுகினே போவோம்."

ஏரிக்கரை ஏறுவதற்கு முன் ஒரு மொட்டைப் பனை. கர்னல் அங்கே வந்ததும் தானாக உட்கார்ந்துவிட்டது. ஞானகுமாரி இழுத்தாள், அசையவில்லை. மற்ற மூன்று பேரும் நின்றார்கள்.

"என்ன, இங்க ஏன் உக்காருது?"

தங்கவேல் தரையைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல."

கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார். "இங்க கொஞ்சம் நிப்பாருங்க. ஷூ லேஸ் கட்டுறேன்னு குனிஞ்சுக்குவாரு. ஒரு ஆறேழு மாசமாவே மூச்சு வாங்கிச்சு."

"ஆறேழு மாசமா." அவளுக்கு உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. "உங்க மூணு பேருக்கும் தெரியும். நாய்க்கும் தெரியும். எனக்குத் தெரியாது. ஒருத்தருக்காவது சொல்லணும்னு தோணலையா?"

"சத்தியம் வாங்கிட்டாருங்க. சொன்னா அவ நடக்க விடமாட்டான்னாரு."

அவள் பனையில் கையை ஊன்றிக்கொண்டாள். திட்ட வார்த்தை தேடினாள். டாக்டர், மாத்திரை, உப்பில்லாத கஞ்சி, கேட்டுக்குப் பூட்டு. எல்லாமே செய்திருப்பாள். இன்னும் இரண்டு வருடம் இருந்திருப்பார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசிலைக் கேட்டுக்கொண்டு. நினைத்ததும் கண் நிறைந்து வழிந்தது. நேற்று மூன்று மணியிலிருந்து வராத அழுகை, மொட்டைப் பனையடியில், நாலு நாய்களுக்கும் மூன்று ஆண்களுக்கும் முன்னால் வந்தது. அவர்கள் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

"விட்டிருக்க மாட்டேன்தான்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நடங்க."

நாகம்மா கடை கரைக்கு அந்தப்பக்கம், பூவரச மரத்தடியில். ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. நாகம்மா இட்லித் துணியை உதறிக்கொண்டே புதுமுகத்தைப் பார்த்தாள். நனைந்த வெள்ளை ஷூவைப் பார்த்தாள்.

"வூட்டம்மாவா? எத்தினி வருசமா சொல்லிகினு இருந்தாரு, இட்டாறேன் இட்டாறேன்னு. அண்ணாத்தே எங்க, பின்னால வர்றாரா?"

கலியமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். ஞானகுமாரிதான் சொன்னாள். "நேத்து தவறிட்டாரு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறோம்."

நாகம்மாவின் கையில் துணி அப்படியே நின்றது. அடுப்பிலிருந்து தட்டை இறக்கினாள். நாலு பேருக்கும் தட்டு வைத்தாள். பிறகு அஞ்சாவது தட்டை எடுத்து, நாலு இட்லியும் ஒரு வடையும் வைத்து, சட்னி ஊற்றி, காலியாக இருந்த பெஞ்சு முனையில் வைத்துவிட்டுப் போனாள்.

"வராதவர் தட்டுக்கா" என்றான் தங்கவேல். "யாரு வராங்காட்டியும் அவங்க தட்டு வந்துடும். நாய்ங்களுக்குப் போட்டுருவோம்."

அவள் தன் தட்டில் இட்லியைப் பிய்த்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. நேற்று ராத்திரி யாரோ கொடுத்த காபியோடு சரி. பசி இத்தனை இருந்தது இப்போதுதான் தெரிந்தது. வெட்கப்படாமல் சாப்பிட்டாள்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எட்மண்ட். கரை மண்ணில் வண்டி வழுக்கியிருக்கிறது, ஷூ, பேண்ட் எல்லாம் சேறு. இறங்கி வந்து அவள் முன்னால் நின்றான். வாயில் இட்லியோடு இருந்த அண்ணியைப் பார்த்தான்.

"சாமியார் வந்துட்டாரு அண்ணி. காத்துக்கிட்டிருக்காரு."

"காத்துக்கிட்டிருக்கட்டும். பத்தொன்பது வருஷம் உங்க அண்ணன் எனக்காகக் காத்துக்கிட்டிருந்தாரு."

"அண்ணன் செத்து ஒரு நாள் ஆகல. நீங்க கடையில உக்காந்து திங்கிறீங்க."

"ஆமா. அவரு திங்கச் சொன்ன கடை."

அவள் வராதவர் தட்டை எடுத்தாள். நாய்கள் நான்கும் எழுந்து நின்றன. இட்லியை நாலாகப் பங்கு வைக்கப் போனபோது, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வந்த நாகேந்திரன் வாயைத் திறந்தார்.

"வடை நாய்க்கு இல்லீங்க."

"பின்ன?"

"யாரு வரலைன்னாலும் அந்த வடையை தாஸ் எடுத்துக்குவாரு. நாய்க்கு எண்ணெய் ஆகாதும்பாரு. சும்மா சாக்கு. அவருக்கு வடைன்னா உசிரு." நாகேந்திரன் தட்டையே பார்த்தார். "அவரு ஒரு வாரம்கூட வராம இருந்ததில்ல. அவரு தட்டு வடை யாருக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

ஞானகுமாரி கர்னலின் சங்கிலியை எட்மண்டிடம் நீட்டினாள். "கொஞ்சம் பிடி."

அவன் என்ன ஏதென்று யோசிப்பதற்குள் சங்கிலி அவன் கையில் இருந்தது. கர்னல் அவனுடைய சேற்று ஷூவின் மேல் உட்கார்ந்தது. அவன் காலை நகர்த்தவில்லை.

அவள் இரண்டு கையாலும் வடையைப் பிய்த்து, சட்னியில் தோய்த்து, சாப்பிட ஆரம்பித்தாள்.