கோரஸை அணைத்த பிறகு

...இன்னும் கொஞ்சம் குறைக்கலாம், குமிழை இடப்பக்கம் ஒரு மயிரிழை திருப்பினால் போதும், யாருக்குத் தெரியப் போகிறது, குருவுக்கா, அவன் மேடையில் நின்று கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான், துடைக்கட்டும், நாளையிலிருந்து துடைக்க மட்டும்தானே போகிறான்... கிட்டார் சத்தத்தை மாற்றும் குருவின் பெடல்களுக்கு முன்னால் சிவேந்திரன் குந்தியிருந்தான். கிள்ளான் கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளுக்கு இன்னும் வெள்ளைத் துணி போட்டு முடியவில்லை. வாசிக்கிறவனுக்குத் தன் சத்தம் வெளியே எப்படிப் போகிறதென்று சரியாகக் கேட்காது, அதனால் இந்த பேண்டில் ஒருவன் வாசிக்க மற்றவன் குமிழைத் திருப்புவது வழக்கம், "நீயே வெச்சு விடு மச்சான், நீ வெச்சா சரியா இருக்கும்" என்பான் குரு, ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை, பாவம்தான்... என்ன பாவம்? மேரு தொழிற்சாலையில் மிஷினுக்குள் விரலைக் கொடுத்தது நானா? அந்த விரல்கள் நசுங்கியதிலிருந்து அவன் வாசிப்பில் பாதி பூச்சுதானே, டிஸ்டார்ஷனைக் கூட்டி வைத்தால் லேசாகத் தொட்ட ஸ்வரம்கூடக் கரகரவென்று நீண்டு நிற்கும், கையில் பலமில்லாதது தெரியாது, அதற்குமேல் கோரஸ், ஒரே கிட்டாரை இரண்டு மூன்று கிட்டார் போல, ஒன்றுக்கொன்று துளி பிசகி, அலையடிக்க வைக்கும், அந்த அலைக்குள் எந்தப் பிசகும் ஒளிந்துகொள்ளும். ஒளிந்தது போதும். டிஸ்டார்ஷனைத் தரையோடு இறக்கினான். கோரஸை அணைத்தே விட்டான்.

"ஆச்சா மச்சான்?"

"சூப்பரா இருக்கு. வாசி."

கீபோர்டுக்குப் பின்னால் கமலநாதன் அண்ணன், பேண்ட் அவருடையது, போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் கடையில் தேதாரேக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாரே, சீசன் வருது, குருவ லீட் கிட்டார்ல வெக்கிறதா இல்ல ஒன்ன வெக்கிறதான்னு இந்தக் கல்யாணத்துல முடிவு பண்ணிருவேன் என்று, அதற்குப் பிறகு தூக்கம் எங்கே வந்தது, எத்தனை வருஷம் இவனுக்குப் பின்னால் நின்று ரிதம் கிட்டார் தட்டுவது... தொடங்கினார்கள், குரு லீட், இவன் ரிதம். ஆஹா, உரித்த கோழி மாதிரி அம்மணமாக வந்தது குருவின் சத்தம், ஸ்வரங்கள் நிற்காமல் தட்டுத்தட்டென்று செத்து விழுந்தன, நடுவில் எங்கோ ஒரு கோணல், பல்லைக் கூச வைக்கும் கோணல். அண்ணன் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்கலா. யாருடா ஸ்ருதி விலகுறது?"

"குருதான் அண்ணே. பாவம், வெரலு அழுத்த முடியல." எவ்வளவு இனிப்பாக வந்தது அந்தப் 'பாவம்', தனக்கே ஆச்சரியம்.

"ஏன்டா குரு, கையி வரலன்னா வீட்ல உக்காந்து டிவி பாரு. நீ வாசிக்கிறதக் கேட்டா பொண்ணு மாப்பிள்ளைய விட்டுட்டு ஓடிரும்." டிரம்ஸ்காரன் சிரித்தான். சிவேந்திரனும் சிரித்தான், அவன் சிரித்து முடித்த பிறகு, கொஞ்சமாக.

குரு சண்டை போடுவான் என்று நினைத்தான், போடவில்லை, ஒயரைக் கழற்றிச் சுருட்டினான், பெடல்களை மட்டும் தொடாமல் காலால் இவன் பக்கம் தள்ளினான்.

"கோரஸ அணைச்சிட்ட, இல்ல?" மெதுவாக, அண்ணனுக்குக் கேட்காமல். "வெச்சிக்க. அது எனக்காகப் போட்டதில்லடா, ஒனக்காக. ரிதம் வாசிக்கிறப்ப நீ கம்பிய ரொம்ப அழுத்துற, ஸ்ருதி ஏறிப் போவுது. என் சத்தம் அலையடிச்சா ஒன்னுது வெளிய தெரியாது."

"சும்மா கதை வுடாத. இத்தன நாளு ஏன் சொல்லல?"

"சொன்னா ஒனக்குக் கை நடுங்கும். இப்ப நடுங்கட்டும்."

போய்விட்டான். பொய், போகிற போக்கில் விஷத்தைத் துப்பிவிட்டுப் போகிறான், வேறென்ன... ஆனால் அந்தக் கோணல், அது செத்து விழுந்த ஸ்வரங்களிலா இருந்தது, இல்லை அவற்றுக்கு அடியிலா? "சிவா, லீட எடு," என்றார் அண்ணன். கம்பியை லேசாக அழுத்தினான், முனகியது. கொஞ்சம் அழுத்தினான். இது சரியா, ஏறியிருக்கிறதா, யாரைக் கேட்பது, கேட்டால் சொல்லக்கூடிய ஒருத்தன் இந்நேரம் ஹெல்மெட்டை மாட்டியிருப்பான்... கமலநாதன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், அவர் கண்ணெதிரே கோரஸைப் போடவும் பயமாக இருந்தது, போடாமல் அடுத்த ஸ்வரத்தைத் தொடவும்.