தட்டில் வளர்ந்த தம்பி

இன்குபேட்டர் கதவை அடிக்கடி திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருக்கும் சூடு இறங்கிவிடும், செல்களுக்கு ஆகாது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் விரலை ஆட்டி ஆட்டி இதைச் சொல்பவள் அவள்தான். இன்றைக்கு அந்த மகராசியே காலையிலிருந்து கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தட்டை எடுப்பாள், மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள், திரும்ப உள்ளே வைப்பாள். நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்துவிடுவாள்.

பேராசிரியை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன, நாற்காலியில ஆணி ஏதும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

ஒன்றுமில்லை என்றால் எதற்கு இந்த அல்லாட்டம்? பக்கத்துக் கட்டடத்து மருத்துவமனையிலிருந்து ஆய்வு நர்ஸ் காலையில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பதினேழாம் எண் நோயாளி ஆராய்ச்சிக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் குடலிலிருந்து எடுத்த திசு, அதிலிருந்து வளர்த்தது, உறைய வைத்தது எல்லாவற்றையும் இன்றைக்கே அழித்துவிடவும். சம்மதம் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விதியோடு அவளுக்கு எந்தச் சண்டையும் கிடையாது. பதினேழாம் எண் அவளுடைய சொந்தத் தம்பி என்பதுதான் சங்கடம்.

அது ஆய்வகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. திசுக்கள் வெறும் எண்ணோடுதான் வரும். ஆனால் தம்பிக்குக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்த அன்று ஆய்வகத்துக்கு வந்தது ஒரே ஒரு ஐஸ் பெட்டி. புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை. அன்றைக்கே பேராசிரியையிடம் சொல்லி, தட்டை வேறொருவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். நம்மாள் வாயைத் திறக்கவில்லை.

தம்பி டவுன் பஸ் ஓட்டுகிறவன். ஓட்டினவன் என்று சொல்ல வேண்டும். உடம்பைக் காவல் காக்க வேண்டிய செல்களே சொந்தக் குடலைப் பகையாளி என்று நினைத்துப் போட்டு அடிக்கிற நோய் அவனுக்கு. அடி விழுந்த இடம் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். "நம்ம ரூட்ல எந்தக் கட்டடத்துல கக்கூஸ் திறந்திருக்கும்னு எங்கிட்டக் கேளு, கண்ணைக் கட்டிட்டுப் போவேன்" என்று சிரிப்பான். ஒருநாள் பயணிகளோடு பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டு ஓட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவனை ஸ்டியரிங் பக்கமே விடவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிப்பதில்லை.

அவன் குடலிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கிலிருந்து குருத்துச் செல்களைப் பிரித்து, ஜெல்லியில் பதித்து, சத்துநீர் ஊற்றி அவள் வளர்த்தாள். சில நாளில் அவை ஒன்றுகூடிச் சின்னச் சின்ன உருண்டைகளாயின. மொச்சையில் முளை விடுகிற மாதிரி ஓரங்களில் மொட்டு விட்டன. மணல் அளவுதான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக்குடல். அழற்சியைத் தூண்டும் புரதத்தை ஊற்றினால் இவை கறுத்துப்போய் உதிர்ந்துவிடும். கூடவே ஒரு மருந்தைச் சேர்த்து, உதிராமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பதினேழு நோயாளிகளின் குட்டிக்குடல்களில் இந்தச் சோதனை நடந்தது. இதுவரை பார்த்த மருந்து மூலக்கூறுகளில் நாற்பத்தொன்றாவதுதான் கொஞ்சம் தேறியது. அதிலும் பதினேழாம் தட்டில் அது செய்த வேலையைப் பார்த்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உருண்டைகள் கண்ணாடி போல் தெளிவாக நின்றன.

அன்று மாலையே வீட்டில் போட்டு உடைத்துவிட்டாள். தம்பி அந்தத் தட்டுக்கு வாண்டு என்று பெயர் வைத்தான். "வாண்டு இன்னைக்குச் சாப்பிட்டானா? ஒழுங்கா வெளிய போனானா?" என்று தினமும் கேட்பான். அவளும் தினமும் பதில் சொல்வாள். டாக்டர் ஆபரேஷன் பேச்சை எடுத்தபோது, "கொஞ்சம் பொறுடா, நாற்பத்தொண்ணு மனுஷங்களுக்கு வர்ற வரைக்கும் தள்ளு" என்று சொன்னதும் அவள்தான்.

இப்போது அந்தத் தம்பி, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வாண்டை அழிக்கச் சொல்லிவிட்டான். மத்தியானம் ஆனதும் அவளால் தாங்க முடியவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டக்கூட நிதானமில்லாமல் மேஜையில் எறிந்துவிட்டு, இரண்டு கட்டடத்தையும் இணைக்கும் பாலத்தின் வழியே கிட்டத்தட்ட ஓடினாள்.

வார்டில் அவன் மெலிந்துபோய்க் கிடந்தான். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், கையில் குழாய் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா ஒரே துண்டைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் வெளிய இருக்கியா?"

"நான் எங்கயும் போகல. என்ன சண்டை போடறதா இருந்தாலும் எனக்கு முன்னாடி போடுங்க."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "ஏண்டா இப்படிப் பண்ண?"

"அழிச்சிட்டியா?"

"பைத்தியமா உனக்கு? எத்தனை மாசம் கண்ணுல வச்சு வளத்திருக்கேன்!"

"அதான்க்கா. நான் இங்க பச்சத் தண்ணி குடிக்காமக் கிடக்கறேன். அவனுக்கு மட்டும் தினமும் புதுச் சாப்பாடு. வயித்தெரிச்சல்தான், ஒத்துக்கறேன்." அவன் சிரிக்கப் பார்த்தான், வலித்திருக்கும் போல, நிறுத்திக்கொண்டான். "ஆனா அதுக்காகச் சொல்லல. நேத்து டாக்டர் வந்தாரு. குடல் ஒரு இடத்துல பேனா ரீஃபில் மாதிரி சுருங்கிப்போச்சாம். புண்ணு ஆறி ஆறித் தழும்பாயிடுச்சு, இனி எந்த மருந்துக்கும் அசையாது, அந்தத் துண்டை வெட்டித்தான் ஆகணும்னாரு. இன்னும் தள்ளினா உள்ளயே வெடிச்சிடுமாம். நாளைக்குக் காலைல எனக்கு இடம் போட்டு வச்சிருக்காரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்க அக்கா லேப்ல ஒரு மருந்து வேலை செய்யுது, பொறுங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அந்தத் தட்டுல தழும்பு இருக்கான்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. இருக்கா?"

தட்டில் தழும்பு கிடையாது. ரத்தம் கிடையாது, அடிக்க வருகிற காவல் செல்கள் கிடையாது, கிருமிகள் கிடையாது. குடலின் உள்பக்கத்துத் தோல் மட்டும்தான், அதுவும் சொகுசாக. இதையெல்லாம் தெரியாதவளா அவள்? மேடையேறிப் பேசியிருக்கிறாள். ஆசை வந்து கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

"அவன் அங்க நல்லா இருக்கற வரைக்கும் நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா. என்னை எனக்குத் தெரியும். அடுத்த வாரம் ஏதாவது ஆயிடும், அடுத்த மாசம் ஆயிடும்னு படுத்தே கிடப்பேன். நீயும் விட மாட்ட. அதனாலதான் முதல்ல அவன் போகட்டும்னேன்."

அம்மாவின் கை துண்டோடு நின்றது. "அந்தத் தட்டுல இருக்கறது செத்துப்போனா இவனுக்கு ஏதும் ஆயிடுமாடி?"

"ஒண்ணும் ஆகாதும்மா. அதுக்கும் இவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது இரண்டு பக்கமும் வெட்டும், தட்டு பிழைத்ததற்கும் இவனுக்கும்கூடச் சம்பந்தமில்லை என்று உறைத்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் அவள் கால்கள் நின்றுவிட்டன. 'அவனுக்கு மட்டும் தினமும் புதுச் சாப்பாடு.' மற்ற பதினாறு தட்டுகளுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சத்துநீர் மாற்றுவது வழக்கம். பதினேழுக்கு மட்டும் தினமும் மாற்றினாள். தினமும் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்த்தால் கை சும்மா இருக்கவில்லை. பழைய நீரை உறிஞ்சி எடுக்கும்போது உதிர்ந்த செல்களும் போய்விடும். அதோடு, ஒரே ஒரு தடவை மட்டும் ஊற்றிய அந்த அழற்சிப் புரதமும் போய்விடும். மருந்தை மட்டும் தினமும் புதிதாகச் சேர்த்திருக்கிறாள். விஷத்தைக் கொடுத்துவிட்டு அக்காக்காரி தினமும் வாயைக் கழுவி விட்டிருக்கிறாள், பெயரை நாற்பத்தொன்று தட்டிக்கொண்டு போயிருக்கிறது!

இந்தப் பொய் ஜெயத்தை நம்பித்தான் ஒருவன் குடல் வெடிக்கிற நிலையில் டாக்டரைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறான். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் அழுதாள்.

பேராசிரியையின் அறைக்குப் போய் மூச்சுவிடாமல் சொன்னாள். பதினேழு என் தம்பி. முதல் நாளிலிருந்தே தெரியும். தட்டை ஒரே மாதிரி பார்க்கவில்லை. அதை வைத்து நாற்பத்தொன்றைப் பற்றி நாம் ஆய்வறிக்கையில் எழுதியது தப்பு.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்கு முகம் சிவந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தத் தட்டுப் பக்கம் உன்னை விட்டிருக்கவே மாட்டேன்."

"தெரியும் மேடம். அதான் சொல்லல."

"அறிவிருக்கா உனக்கு?" என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "திட்டறதுக்கு நிறைய இருக்கு, அப்புறம் வச்சுக்கறேன். நீ வீட்டுக்குப் போ. நானே அழிச்சிடறேன்."

"வேணாம் மேடம். வளத்தது நான்தான்."

தட்டை எடுத்து வந்தாள். கடைசியாக ஒருமுறை பார்த்தாள். மொட்டு விட்டுக்கொண்டு கொழுகொழுவென்று இருந்தான் வாண்டு. ஒவ்வொரு குழியிலும் பிளீச்சிங் திரவத்தை ஊற்றினாள். ரோஜா நிறத்துச் சத்துநீர் வெளுத்துத் தண்ணீரானது. உருண்டைகள் ஓரத்திலிருந்து கரைந்து நூலாகப் பிரிந்தன. ஒரு குழியையும் விடாமல் ஊற்றினாள்.

மிச்சம் இருந்தது உறைநிலைத் தொட்டி. திரவ நைட்ரஜனில் ஒரு சின்னக் குப்பி, அதற்குள்ளும் அதே செல்கள் தூங்கிக்கொண்டிருந்தன. தொட்டியின் மூடியைத் தூக்கினாள். வெள்ளைப் புகை தளும்பி வழிந்து கால் வரை வந்தது. குப்பி செருகியிருந்த கம்பியைப் பாதி உயர்த்தியவள், திரும்ப இறக்கி மூடியைச் சாத்தினாள்.

ஆராய்ச்சிக்காக வைத்துக்கொள்கிறேன் என்று இப்போது அவளால் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளக்கூட முடியாது. அதன் கதைதான் கந்தலாகிவிட்டதே. நாளைக் காலை அவனை உள்ளே கொண்டுபோவார்கள். கதவு மூடிக்கொள்ளும். ஏதாவது ஆகிவிட்டால்? இந்த உலகத்தில் அவனுடையது என்று உயிரோடு ஏதாவது ஒன்று இருக்கட்டுமே. ஒரே ஒரு குப்பி. யாருக்குத் தெரியப் போகிறது?

தம்பிக்கு போன் போட்டாள்.

"முடிஞ்சுதாக்கா?"

"ம். முடிஞ்சுது."

"துடிச்சானா?"

"போடா லூசு."

குழாய்க் கம்பத்தில் இருக்கும் மெஷின் டிக் டிக் என்றது. பிறகு கேட்டான். "அந்தப் புகை டப்பால ஒண்ணு வச்சிருந்தியே, அது?"

"அதுவும்தான்" என்றாள்.

"அக்கா. பொய் சொல்றப்போ மூக்கால மூச்சு விடுவ நீ. போன்ல நல்லாக் கேக்குது."

"ஒண்ணே ஒண்ணுதாண்டா. அது பாட்டுக்கு ஒரு மூலைல கிடக்கட்டும். உனக்கு என்ன தொந்தரவு? நாளைக்கு... நாளைக்கு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்..."

"நீதானே சொன்ன, நாமெல்லாம் போனதுக்கப்புறமும் அந்த டப்பால அவன் இருப்பான்னு. அன்னைக்குச் சிரிச்சேன். ராத்திரி தூக்கமே வரல." அவன் மூச்சு வாங்கினான். "அவன் இருக்க வேணாம்க்கா. நான் இருக்கணும்."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். தடித்த நீலக் கையுறையை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்து குப்பியை எடுத்தாள். மேலே படிந்திருந்த உறைபனி சடசடத்தது.

"என்ன சத்தம் அது?"

"அவன்தான். வெளிய எடுத்துட்டேன்."

குப்பியை வெந்நீரில் பிடித்தாள். உள்ளே இருந்த வெள்ளைக் கட்டி இளகி நீரானதும் மூடியைத் திருகி பிளீச்சிங் திரவத்தில் கவிழ்த்தாள். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. அதன் மேலும் ஊற்றித் துடைத்தாள்.

"முடிஞ்சுது" என்றாள்.

இந்த முறை அவன் கேள்வி கேட்கவில்லை. "அம்மா, பேனா எங்க வச்ச?" என்ற குரல் தள்ளிக் கேட்டது. பை ஜிப்பைத் திறக்கும் சத்தம், அம்மா எதையோ தேடிக் கிளறும் சத்தம், "எழுதுதா பாரு, எழுதலன்னா நர்ஸ்கிட்ட வாங்கித் தரேன்" என்ற அம்மாவின் பதற்றம். காகிதம் சரசரத்தது.

"போட்டுட்டேன்க்கா." கொஞ்சம் பொறுத்து, அவனுடைய பழைய குரலில் கேட்டான். "நாளைக்கு ஒரு பெரிய துண்டா வெட்டி எடுப்பாங்க. தழும்போட. உன் லேப்புக்கு அனுப்பச் சொல்லட்டுமா?"

"வேணாம்டா" என்றாள். "நீ மட்டும் வந்தாப் போதும்."