டாக்டரம்மா நோன்பு

மீமிசலுக்குத் தெற்கே கடலை ஒட்டிய அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அன்புமொழி பதினோரு வருஷமாக ஒற்றை ஆளாக ஓ.பி. பார்த்து வந்தாள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரைக்குள் நூற்றிருபது பேர். ஆளுக்கு இரண்டரை நிமிஷம். அதற்குள் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, மருமகள் மேல் வரும் புகாரையும் காதில் வாங்கிக்கொண்டு சீட்டு எழுதியாக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. சுற்று வட்டாரத்தில் எந்த ஊரிலும் சர்க்கரை இவ்வளவு அழகாகக் கட்டுக்குள் இருந்ததில்லை. திங்கட்கிழமை சுகர் நாள். வருகிறவர்களெல்லாம் நூற்றுப் பத்து, நூற்றிருபது என்று கொண்டுவருவார்கள். அவள் முகம் மலர்ந்து போகும்.

அந்த வருஷம்தான் அவளுக்கென்று ஒரு குழு வந்து சேர்ந்தது. குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு பேர். வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்க உள்ளூர் மருமகள் ரஹ்மத் நிஷா. படுக்கையில் கிடப்பவர்களுக்கும் புண் உள்ளவர்களுக்கும் வீட்டிலேயே கட்டுப் போட ஆவூர்க்காரி நர்ஸ் செபமாலை. அன்புமொழி கேட்டது இன்னொரு டாக்டரை. வந்தது ஒரு பையும் ஒரு ஸ்கூட்டியும். தன் ஆட்களைப் பங்கு போட வந்தவர்களைப் பார்ப்பது போலத்தான் அவர்களைப் பார்த்தாள். வாயைத் திறந்து சொல்லவில்லையே தவிர, நிஷாவின் நோட்டுப் புத்தகத்தை இரண்டு மாதமாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவள் தலையைத் தின்றுகொண்டிருந்தது முகம்மது சுல்தானின் கால். ஒரு காலத்தில் சொந்தப் படகு வைத்திருந்தவர், இப்போது கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். வலது பெருவிரலில் மூன்று மாதமாகப் புண். மருந்து மாற்றிப் பார்த்தாயிற்று, ஆறவில்லை. திங்கள்தோறும் சுகர் மட்டும் நூற்றுப் பதினெட்டைத் தாண்டவில்லை. மூன்று மாதச் சராசரி பார்க்கிற சோதனைக்கு வெளியூர் போக வேண்டும். நம்பர்தான் நன்றாக இருக்கிறதே என்று அவளும் வற்புறுத்தவில்லை. சர்க்கரை சரியாக இருந்தும் புண் ஆறவில்லை, விரலை எடுப்பதுதான் வழி போலிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரி சர்ஜனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். விரலோடு போனாலும் போகும், பாதி பாதம் போனாலும் போகும்.

அதற்கு எட்டு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை மதியம், ஓ.பி. முடிகிற நேரத்தில் நிஷா வந்து மேஜையோரம் நின்றாள்.

"சுல்தான் மாமா வீட்ல இன்னைக்கு சுகர் பார்த்தேன் டாக்டரம்மா. முன்னூத்தி நாப்பத்தி ரெண்டு."

அன்புமொழிக்குச் சுள்ளென்று வந்தது. "ஒன் மெஷின் சரியில்ல. அவரு வாழைப்பழம் உரிச்ச கையை நீட்டியிருப்பாரு. நீ தொடைக்காமக் குத்தியிருப்பே."

"சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லித்தான் பார்த்தேன். அப்பறம் வேற விரல்லயும் பார்த்தேன்." நிஷா நோட்டை மூடிக்கொண்டு தயங்கினாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"சனி, ஞாயிறு எங்க தெருவுல சுகர்காரங்க யாரும் சோறு தொட மாட்டாங்க. பாவக்காயும் மோருந்தான். மாத்திரையையும் ரெண்டு ரெண்டாப் போட்டுக்குவாங்க. திங்கக்கிழமை உங்ககிட்ட வந்து காட்டிட்டு, நேரா டீக்கடைக்குப் போயி வடை தின்பாங்க. டாக்டரம்மா நோன்புன்னு பேரே வச்சிருக்காங்க. அங்கிட்டு கோயில் தெருப் பக்கம் அதையே விரதம்னு சொல்றாங்க."

"எத்தனை நாளா?"

"நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்துச்சு. ஒம்பது வருஷம் ஆச்சு."

அன்புமொழி பேனாவைக் கீழே வைத்தாள். "எதுக்கு நிஷா?"

"நம்பர் நல்லா இருந்தா நீங்க சிரிப்பீங்க. இல்லாட்டி ஒங்க மொகம் வாடிப் போயிரும். மொத வருஷம் யாருக்கோ கிட்னி போச்சுன்னு இந்த நாற்காலியிலயே ஒக்காந்து அழுதீங்களாம். அத ஊரே பார்த்துருச்சு."

அழுதது உண்மைதான். அதை அவள் மறந்துவிட்டாள், ஊர் மறக்கவில்லை. பதினோரு வருஷப் பெருமையெல்லாம் வெறும் பாவக்காயும் மோரும்தானா என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. எழுந்து, "ஸ்கூட்டியை எடு" என்றாள்.

சுல்தான் வீட்டில் அவர் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். சோறு குவியலாக இருந்தது, மேலே கெளுத்திக் குழம்பு. டாக்டரைக் கண்டதும் திருட்டுப் பூனை மாதிரி தட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தார். குழம்பு கைலியில் சிந்தியதுதான் மிச்சம்.

"சாப்பிடுங்க பாய்" என்று அவள் தரையிலேயே அவர் எதிரில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நிஷாவைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தட்டை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா" என்றார் பிறகு. "ஒத்தையாக் கெடந்து எங்களுக்காக மாரடிக்கிறீங்க. மீன் குடுத்தா வாங்க மாட்டேங்கிறீங்க. நாங்க வேற என்னதான் செய்யிறது? வாரத்துல ஒரு நாளு நல்ல நம்பராவது கொண்டாந்து குடுப்போமேன்னு பார்த்தோம்."

"அந்த நம்பரை நம்பித்தான் பாய் ஒங்க வெரலை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவள் அழுதுவிடக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. கண்ணீரோடு அவர் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்து, அந்த விரலைப் பார்த்துக்கொண்டே, "என்கிட்ட நெசத்தச் சொல்றதுக்கு ஒங்களுக்கு நான் நேரமே குடுக்கல. தப்பு என்னோடது" என்றாள்.

அங்கே உட்கார்ந்தே சர்ஜனுக்குப் போன் போட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் நல்ல மனிதர். மறுநாளே சுல்தானை வரவழைத்து, காலில் ரத்த ஓட்டத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் நன்றாக ஓடுகிறது, ஆறு வாரம் பார்க்கலாம், அதற்குள் ஆறவில்லை என்றால் பிறகு யாரும் தடுக்கக் கூடாது என்றார்.

அந்த ஆறு வாரம் அன்புமொழிக்குப் பெரிய பாடாகப் போயிற்று. இன்சுலின் அளவை எழுதுவது மட்டும்தான் அவள் வேலை. ஊசி போடக் கற்றுக்கொடுத்து, தினமும் காலையில் போய் நம்பர் பார்த்தது நிஷா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டை அவிழ்த்து, கழுவி, மறுபடி கட்டியது செபமாலை. டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வாடை இருக்கா? ஓரம் செவந்திருக்கா?" என்று செபமாலையிடம் நாலு தடவை கேட்பாள். செபமாலை அசராமல், "போன தடவைக்கு இன்னைக்குத் தேவல மேடம்" என்பாள். நாலு நாள் போனபின் அந்த 'தேவல' என்ற சொல்லை நம்பி அவளால் மதியச் சாப்பாடு சாப்பிட முடிந்தது. மதியத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டே பல வருஷம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமைகளில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நிஷாவையும் உட்கார வைத்தாள். எந்த நம்பர் வந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டாள். தெருவுக்குத் தெரு நிஷா போய்ச் சொல்லியிருந்ததால், ஜனங்கள் சாப்பிட்ட வயிறோடும் குனிந்த தலையோடும் வந்தார்கள். இருநூற்றெழுபது. முன்னூற்றுப் பத்து. அந்த மாத ரிப்போர்ட் கேவலமாகப் போயிற்று. மேலிடத்திலிருந்து போனில் கேட்டார்கள். "இதுதாங்க நெசம், இங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆறாவது வாரத் திங்கட்கிழமை சுல்தான் வந்தார். கட்டை செபமாலை அவிழ்த்துக் காட்டினாள். புண் இருந்த இடம் சுருங்கி, குன்றிமணி அளவுக்கு இளஞ்சிவப்பாகத் தோல் மூடிக்கொண்டு வந்தது. விரல் அசைந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று சர்ஜனும் காலையிலேயே, செபமாலை போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். நிஷா விரல் நுனியில் குத்தி மெஷினைப் பார்த்தாள்.

"நூத்தி எம்பத்தி நாலு."

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க பாய்?" என்று கேட்டாள் அன்புமொழி.

"ரெண்டு பரோட்டா."

நிஷா நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"நாலு" என்றார் சுல்தான்.

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், டாக்டரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வாடுகிறதா என்று பார்க்கிற அதே பார்வை. அன்புமொழி கட்டளையெல்லாம் மறந்து, ஓ.பி.யே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சீட்டில் நூற்றி எண்பத்து நாலு என்று எழுதி, பக்கத்தில் நாலு பரோட்டா என்றும் எழுதி, சுகர் பார்த்தவள் என்று கையெழுத்துப் போட நிஷாவிடம் நீட்டினாள்.