கணிக்கு ஒரு வெள்ளரி

என் மனைவி ருக்குவின் பிறந்தகம் பாலக்காட்டு நூறணி. அங்கே தலைமுறையாக, விஷுவன்று விடிந்ததும் முதலில் கண்ணில் படவேண்டிய கணிக்கு வைக்கிற வெள்ளரியின் வித்தைச் சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து மாதுங்காவுக்குக் கொண்டுவந்திருந்தாள். கொஞ்சம் எங்கள் வீட்டுப் பின்னால் நட்டோம். மீதியை, என்னைக் கேட்காமல், பக்கத்து வீட்டுப் பஞ்சுவிடம் கொடுத்துவிட்டாள்.

பஞ்சு பி.ஏ. கல்யாணமாகாதவன். நான் இண்டரில் படிப்பை நிறுத்தியவன். தந்தி ஆபீசில் வேலை. யுத்தம் தொடங்கியதிலிருந்து ராத்திரி ட்யூட்டிதான். மாலையில் நான் கிளம்பும் நேரத்தில் அவன் ஆபீசிலிருந்து வந்து வாளியோடு கொடியருகே நிற்பான். ருக்குவும் நிற்பாள். கொடிக்குத் தண்ணீர் ஊற்ற அத்தனை பேச்சு எதற்கு? நான் கேட்கவில்லை. டிராமில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு போவேன்.

அவன் கொடியில் நாலு பிஞ்சு வந்தது. என் கொடியில் இலையும் பூவும்தான். தினம் காலையில் வந்ததும், அடியில் பிஞ்சு இல்லாத பூக்களையெல்லாம் கிள்ளி எறிந்தேன். காய்க்காத பூ கொடியின் சத்தைத் தின்கிறது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஒருவழியாக ஒரு பிஞ்சு நின்றது. பங்குனிக் கடைசியில் அது மஞ்சளாகப் பழுத்தது. பஞ்சுவின் காய்களை ஈ குத்திக் கெடுத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம். இந்த வருஷம் கணியில் என் வெள்ளரி. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

விஷுவன்று காலை ட்யூட்டி முடிந்து வந்தேன். வாசலிலேயே ருக்கு என் கண்ணைப் பொத்தினாள்.

"ராத்திரி பூரா தந்தியைப் பார்த்த கண்ணுடீ. முதல் முதலா கணி பார்க்கறதாவது!"

"பரவாயில்லை, மூடிண்டு வாங்கோ."

கணி முன்னால் கண்ணைத் திறந்தேன். உருளியில் அரிசி, கொன்றைப்பூ, நடுவில் என் வெள்ளரி. நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. பஞ்சு உள்ளே வந்தான்.

"அடேயப்பா, மன்னி! இது பிடிக்கும்னு நான் நினைக்கவே இல்லை."

"எது பிடிக்கும்னு?" என்றேன்.

அவன் ருக்குவைப் பார்த்தான்.

"நீங்கதான் ஆண்பூவையெல்லாம் பறிச்சுப் போட்டுட்டேளே," என்றாள் அவள். "அப்பறம் பிஞ்சு எப்படி நிக்கும்? பஞ்சு தன் கொடியிலேந்து ஒரு பூவைக் கொண்டுவந்து நம்ம பூவுல தொட்டான்."

"எப்போ?"

"ஒருநாள் கார்த்தால. நீங்க தூங்கிண்டிருந்தேள்."

"என்கிட்ட சொல்லப்படாதோ?"

"சொன்னா கேக்கற ஆளா நீங்கோ?"

"ஒரு பூதானே, அண்ணா," என்று பஞ்சு சிரித்தான்.

அன்று நான் தூங்கவில்லை. மத்தியானச் சமையலுக்கு அரிவாள்மணையில் நானே வெள்ளரியைப் பிளந்தேன்.

"வித்தைத் தனியா எடுத்து வையுங்கோ," என்றாள் ருக்கு.

ஒன்றுவிடாமல் சுரண்டிச் சாக்கடையில் போட்டேன். மேலே ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினேன்.

"அது எங்காத்து வித்து!"

"இல்லை. அவன் கொடி வித்து."

அவள் அழவில்லை. தோலைச் சீவி நறுக்க ஆரம்பித்தாள்.

"போகட்டும். ஊர்லேந்து கொண்டுவந்ததுல ஒரு முடிச்சு பஞ்சுகிட்ட பத்திரமா இருக்கு. அடுத்த வருஷம் அவனே நடட்டும்."

வெள்ளரி போட்ட மோர்க்கூட்டான் கொதித்து இறங்கியதும் முதல் கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. எனக்கும் பரிமாறினாள். நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.